கொன்ற பொருளுக்குத் தண்டனை

1841 டிசம்பர் 24. விடிவதற்கு முன்பே லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து ஒரு சரக்கு ரயில் மேற்கு நோக்கிப் புறப்பட்டது. சரக்கோடு சரக்காக மூன்றாம் வகுப்புப் பயணிகளும் அதில் இருந்தார்கள். அவர்களுடைய பெட்டிகளுக்குக் கூரை கிடையாது. பக்கப் பலகைகளும் தாழ்வானவை. லண்டனில் அப்போது எழுந்துகொண்டிருந்த புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் வேலை செய்தவர்கள் பலர், கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ரெடிங் நகருக்குச் சற்று முன்னால் சோனிங் என்ற இடத்தில், குன்றை வெட்டித் தண்டவாளம் போட்டிருந்தார்கள். மழையில் ஊறிய மண் அங்கே சரிந்து கிடந்தது. ‘ஹெக்லா’ என்ற எஞ்சின் அந்த மண்ணில் மோதி நின்றது. பின்னாலிருந்த சரக்குப் பெட்டிகள் நிற்கவில்லை. எஞ்சினுக்கும் சரக்குக்கும் நடுவில்தான் பயணிகளின் திறந்த பெட்டிகளைக் கோத்திருந்தார்கள். எட்டுப் பேர் அந்த இடத்திலேயே நசுங்கி இறந்தார்கள். இன்னொருவர் பிறகு இறந்தார்.

மரண விசாரணைக்குக் கூடிய ஜூரிகள் கொடுத்த தீர்ப்பை இன்று படித்தால் திகைப்பாக இருக்கும். எஞ்சின் மீதும் பெட்டிகள் மீதும் 1,000 பவுன் தண்டம் விதித்தார்கள். தண்டம் எழுதப்பட்டது கம்பெனியின் பெயரில் அல்ல, மனிதர்களைக் கொன்ற பொருளின் பெயரில்.

இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக நிலவிய வழக்கம் இது. டியோடண்ட் என்று பெயர். ஒரு மனிதனின் சாவுக்குக் காரணமான பொருள் எதுவானாலும், அது மிரண்டோடிய குதிரையாகவோ கவிழ்ந்த வண்டியாகவோ ஆலைச் சக்கரமாகவோ இருக்கலாம், அரசனுக்குச் சேரும். அரசன் அதைத் தர்ம காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்பது ஏட்டளவில் இருந்த விதி. நடைமுறையில் பொருளையே எடுத்துச் செல்வதில்லை. அதற்கு ஜூரிகள் ஒரு விலை குறிப்பார்கள், உடைமையாளர் அந்தத் தொகையைக் கட்டுவார். பல இடங்களில் இந்த வரும்படி உள்ளூர்ப் பிரபுக்களுக்குப் போயிற்று. இறந்தவரின் மனைவி மக்களுக்கு அதில் சட்டப்படி ஒரு காசும் உரிமையில்லை.

இங்கிலாந்து மட்டும் அல்ல, பழைய ஏதென்ஸிலும் மனிதனைக் கொன்ற கல்லையும் மரத்தையும் இரும்பையும் விசாரிக்கத் தனி நீதிமன்றம் இருந்தது. தண்டிக்கப்பட்ட பொருளை எல்லைக்கு வெளியே எறிந்துவிடுவார்கள். தேர்க்காலில் கன்று சிக்கிய கதையைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இது விநோதமாகத்தான் படும். அந்தக் கதையில் தேரையோ குதிரையையோ தண்டிக்கும்படி யாரும் சொல்லவில்லை; தேரில் இருந்தவன் மன்னனின் மகன் என்றாலும் அவனே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

டியோடண்டை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டுப் போகலாம். அப்படிப் போனால் அதில் இருந்த ஒரு பயன் தெரியாமல் போகும். அன்றைய ஆங்கிலப் பொதுச் சட்டம், ஒருவர் காயப்பட்டால் வழக்குப் போட இடம் கொடுத்தது, செத்துப்போனால் கொடுக்கவில்லை. 1808இல் ஒரு குதிரைக் கோச்சு வண்டி கவிழ்ந்து மனைவியை இழந்த கணவர் தொடுத்த வழக்கில், மனித உயிரின் இழப்பை உரிமையியல் நீதிமன்றத்தில் முறையிட முடியாது என்று நீதிபதி தீர்த்துவிட்டார். அதாவது ஒருவரை முடமாக்கினால் பணம் கட்ட வேண்டும், கொன்றுவிட்டால் வேண்டாம். இந்த ஓட்டையை உணர்ந்த ஜூரிகள், செத்துக்கிடந்த டியோடண்டுக்கு உயிர் கொடுத்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் பேருக்குச் சில ஷில்லிங்குகள் எழுதிவந்தவர்கள், ரயில் வந்த பிறகு நூறு, ஐநூறு, ஆயிரம் பவுன் என்று எழுதத் தொடங்கினார்கள். எஞ்சினுக்கு விதித்த தண்டம் முதலாளியைச் சுடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ரயில் முதலாளிகளுக்கும் அது தெரிந்திருந்தது. 1846இல் லார்டு கேம்பல் முன்னின்று கொண்டுவந்த இரண்டு சட்டங்கள் ஒரே சமயத்தில் நிறைவேறின. ஒன்று டியோடண்டை ஒழித்தது. மற்றொன்று, பிறரின் தவறால் இறந்தவரின் குடும்பம் இழப்பீடு கேட்கலாம் என்றது. இந்தியாவுக்கு அதே சட்டத்தின் சாயலில் 1855இல் ஒன்று வந்தது. சோனிங் விபத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. 1844இல் வந்த ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டம், மூன்றாம் வகுப்புப் பயணிகளை வெயில் மழை படாத பெட்டியில் ஏற்ற வேண்டும், நாளுக்கு ஒரு ரயிலாவது அவர்களுக்கு விட வேண்டும், மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் வாங்கக் கூடாது என்று விதித்தது.

இன்று தானே முடிவெடுத்து இயங்கும் ரோபோக்களைப் பற்றிய பேச்சில், ‘இயந்திரம் தவறு செய்தால் யார் பொறுப்பு’ என்ற கேள்வியை இதுவரை எவரும் சந்திக்காத புதுச் சிக்கலாக முன்வைக்கிறார்கள். அது புதிது அல்ல. இருநூறு ஆண்டுகளாகத் தொழிற்சாலைகளும் நீதிமன்றங்களும் அதோடு மல்லுக்கட்டி வந்திருக்கின்றன. அந்த வரலாற்றில் ஒரு விஷயம் மீண்டும் மீண்டும் தென்படுகிறது. பழி பொருளிடமிருந்து நீங்கிய பிறகு உடைமையாளரிடம் நேராகப் போய்ச் சேர்வதில்லை. இயந்திரத்துக்கு மிக அருகே நின்ற, மிகக் குறைந்த சம்பளக்காரரிடம் போய் விழுகிறது. அங்கிருந்து அதை மேலே நகர்த்த ஒவ்வொரு முறையும் போராட வேண்டியிருந்திருக்கிறது.

1846 சட்டம் பயணிகளுக்கு உதவியது. தொழிலாளிக்கு? 1837இல் இங்கிலாந்தில் ஓர் இறைச்சிக் கடைக்காரரின் வேலையாள், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி உடைந்து தொடை எலும்பு முறிந்து வழக்குப் போட்டார். முதலாளி பொறுப்பல்ல என்று தீர்ப்பாயிற்று. 1842இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இன்னும் தெளிவான ஒரு தீர்ப்பு. எஞ்சின் ஓட்டுநர் ஒருவர் ரயில் தடம் புரண்டு வலது கையை இழந்தார். தண்டவாளத்தைத் திருப்பிவிட வேண்டிய சக ஊழியர் அதைச் சரியாகத் திருப்பாததே காரணம். தலைமை நீதிபதி லெமுவல் ஷா கொடுத்த விளக்கம், ஓட்டுநருக்கு ஒரு நாளைக்கு இரண்டு டாலர் சம்பளம், அந்தச் சம்பளத்திலேயே ஆபத்துக்கான விலையும் அடங்கியிருக்கிறது, தெரிந்துதான் அவர் வேலைக்கு வந்தார் என்பது. சக ஊழியரின் தவறுக்கு முதலாளி பதில் சொல்ல வேண்டாம். பெரிய ரயில் கம்பெனியில் எல்லாத் தவறும் ஏதோ ஒரு சக ஊழியரின் தவறாகவே இருக்கும் என்பதால், இந்தக் கோட்பாடு முதலாளிகளைச் சுற்றி அரைநூற்றாண்டுக்கு மேல் மதிலாக நின்றது.

அந்த மதிலுக்கு வெளியே என்ன நடந்தது என்பதற்கு ரயில் பெட்டி இணைப்பின் கதை போதும். அமெரிக்க ரயில்களில் பெட்டிகளைக் கோக்க ஓர் இரும்பு வளையமும் ஒரு முளையும் இருந்தன. பெட்டி நகர்ந்து வரும்போது ஊழியர் இரண்டுக்கும் நடுவில் நின்று, வளையத்தைக் கையால் பிடித்துத் துளையில் செலுத்தி, மேலிருந்து முளையைப் போட வேண்டும். கணம் தப்பினால் விரல் போகும். காலடி தவறினால் உயிர் போகும். விரல்கள் குறைந்த கையே அனுபவத்தின் அடையாளமாகக் கருதப்பட்டதாம். இடித்தாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் இணைப்பை எலை ஜானி என்பவர் 1873இலேயே காப்புரிமை பெற்று வைத்திருந்தார். தீர்வு கையில் இருந்தது. செலவு அதிகம் என்று கம்பெனிகள் தள்ளிப்போட்டன. அயோவாவைச் சேர்ந்த லொரென்சோ காஃபின் என்ற விவசாயி ஊர் ஊராகப் பேசி, எழுதி, அரசியல்வாதிகளை விடாமல் துரத்தினார். 1893 மார்ச்சில் அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் கையெழுத்திட்ட சட்டம் தானியங்கி இணைப்பைக் கட்டாயமாக்கியது. அது இன்னொன்றும் சொன்னது: இணைப்பு மாற்றப்படாத பெட்டியில் காயப்பட்ட ஊழியரை, ஆபத்தைத் தெரிந்தே ஏற்றார் என்று கருதக் கூடாது. ஷாவின் வாதத்தை முறித்த வாக்கியம் அது. 1900இல் சட்டம் முழு அளவில் நடைமுறைக்கு வந்தபின் இணைப்பு வேலையில் சாவும் ஊனமும் வெகுவாகக் குறைந்தன. இருபது ஆண்டுகள் காத்திருந்த ஓர் இரும்புத் துண்டு, பழி இடம் மாறியதும் சில ஆண்டுகளில் நாடு முழுக்கப் பொருத்தப்பட்டது.

பிரிட்டனில் 1897ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் யார் தவறு என்ற கேள்வியையே பெருமளவு ஒதுக்கிவைத்தது. வேலையில் அடிபட்டால் முதலாளி கொடுக்க வேண்டும். இந்தியாவில் 1923இல் வந்த சட்டத்தில் ஒரு நுட்பமான விதி இருந்தது. பாதுகாப்புக் கவசத்தைத் தொழிலாளி வேண்டுமென்றே கழற்றியதால் காயம் ஏற்பட்டால் முதலாளி பொறுப்பல்ல. ஆனால் அந்தக் காயத்தால் அவர் இறந்துவிட்டால் இந்த விலக்கு செல்லாது. நியாயமான விதி. இயந்திரத்தின் பக்கத்தில் செத்துக் கிடப்பவரால் தன் தரப்பைச் சொல்ல முடியாது.

ரோபோ என்ற சொல் 1920இல் செக் எழுத்தாளர் காரெல் சாபெக்கின் நாடகத்தில் பிறந்தது. 1942இல் ஐசக் அசிமோவ் ஒரு சிறுகதையில் ரோபோக்களுக்கு மூன்று விதிகளை எழுதினார். மனிதனுக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பது முதலாவது. அசிமோவின் கதைகளில் அறம் இயந்திரத்தின் மூளைக்குள் பொதிந்திருக்கிறது. அந்தக் கதைகளை விரும்பிப் படித்தவர்தான் ரோபோத் தொழிலின் தந்தை எனப்படும் ஜோசப் எங்கெல்பெர்கர். 1980இல் அவர் எழுதிய தொழில்நுட்ப நூலுக்கு அசிமோவே முன்னுரை எழுதினார். ஆனால் எங்கெல்பெர்கர் விற்ற இயந்திரத்துக்குள் மூன்று விதிகளில் ஒன்றுகூட இல்லை.

யூனிமேட் என்ற அந்த இயந்திரம், ஜார்ஜ் டெவோல் 1954இல் விண்ணப்பித்த காப்புரிமையிலிருந்து உருவானது. கிட்டத்தட்ட 1,800 கிலோ எடையுள்ள ஒற்றைக் கை. 1961இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் டிரென்டன் அருகே ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் அதை நிறுத்தினார்கள். அச்சில் வார்த்த உலோகப் பாகங்களைச் சூடாக இருக்கும்போதே எடுத்து வைப்பது அதன் வேலை. மனிதர் செய்தால் சுடும், புகையும், கை போகும். அந்த வேலையை இயந்திரத்திடம் கொடுத்ததில் தவறே இல்லை. இந்தத் துறை தொடங்கிய இடம் அதுதான் என்பதை மறக்கக் கூடாது.

அடுத்த கட்டத்தில் கணக்கு மாறியது. ஓஹையோவின் லார்ட்ஸ்டவுனில் அதே கம்பெனியின் ஆலையில் யூனிமேட்டுகள் வரிசையாக நின்று கார்களுக்குப் பற்றவைப்புச் செய்தன. மணிக்கு நூறு கார் என்பது இலக்கு. ஒவ்வொரு காருக்கும் தொழிலாளிக்குக் கிடைத்தது ஏறக்குறைய 36 விநாடி. ரோபோவின் வேகத்துக்கு மனிதன் ஓட வேண்டியிருந்தது. 1972 மார்ச்சில் அந்த இளம் தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு கேட்கவில்லை. வேலையின் வேகத்தையும் ஆள் குறைப்பையும் எதிர்த்து நின்றார்கள்.

1979 ஜனவரி 25. மிச்சிகன் மாநிலம் ஃபிளாட் ராக்கில் ஃபோர்டு கம்பெனியின் வார்ப்பாலை. உதிரிபாகங்களை அடுக்கிலிருந்து தானாக எடுத்துத் தரும் ரோபோ அமைப்பு ஒன்று சரியாக வேலை செய்யவில்லை. 25 வயதுத் தொழிலாளி ஒருவர், பாகங்களைக் கையால் எடுத்துவர அடுக்கின் மேல் ஏறினார். ஒரு டன் எடையுள்ள அதன் வண்டி சத்தமில்லாமல் வந்து அவர் தலையில் மோதியது. அரை மணி நேரம் கழித்துத்தான் மற்றவர்கள் பார்த்தார்கள். ரோபோவால் நேர்ந்த முதல் சாவு என்று பொதுவாகக் குறிக்கப்படுவது இதுதான். அமெரிக்காவின் இழப்பீட்டு ஏற்பாட்டில் முதலாளி மீது தனியே வழக்குப் போடுவது கடினம் என்பதால், குடும்பம் அந்த அமைப்பைத் தயாரித்த லிட்டன் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தது. வண்டி நெருங்கி வருவதைச் சொல்ல ஓர் எச்சரிக்கை ஒலிகூட இல்லை என்பது அவர்கள் வாதம். 1983இல் ஜூரிகள் ஒரு கோடி டாலர் கொடுக்கச் சொன்னார்கள். இயந்திரத்தை வடிவமைத்தவரின் வாசலுக்குப் பழி போய்ச் சேர்ந்த அரிய தருணம் அது.

ஜப்பானில் வேறு மாதிரி நடந்தது. 1981 ஜூலை 4, அகாஷி நகரில் கவசாகி ஆலை. பழுது பார்க்கப் போன 37 வயது ஊழியர் ரோபோவைச் சுற்றியிருந்த வேலியைத் தாண்டி உள்ளே போனார். வேலியின் கதவைத் திறந்திருந்தால் மின்சாரம் தானாக நின்றிருக்கும். அவர் தாண்டியதால் நிற்கவில்லை. ரோபோவின் கை அவரைப் பின்னாலிருந்து வேறொரு இயந்திரத்தோடு சேர்த்து நெரித்தது. டிசம்பரில்தான் வெளியுலகுக்குச் செய்தி தெரிந்தது. வேலியைத் தாண்டியது அவர் தவறு என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஜப்பான் அரசு அதோடு நிறுத்தவில்லை. 1983இல் தொழில் பாதுகாப்பு விதிகளைத் திருத்தி, ரோபோவைச் சுற்றி வேலியோ தடுப்போ போடுவது, ரோபோவுக்கு வேலை கற்பிப்பவர்களுக்குத் தனிப் பயிற்சி கொடுப்பது, வேலைக்கு முன் ரோபோவைச் சோதிப்பது ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது.

பயிற்சி மட்டும் போதாது என்பதை மறு ஆண்டே மிச்சிகனில் நடந்த இன்னொரு சாவு காட்டிற்று. 1984 ஜூலையில், அச்சு வார்ப்பு வேலையில் 15 ஆண்டு அனுபவமுள்ள 34 வயதுத் தொழிலாளி, கீழே சிதறிய உலோகத் துண்டுகளைச் சுத்தம் செய்ய ரோபோ நின்ற வட்டத்துக்குள் போனார். மூன்று வாரத்துக்கு முன்புதான் ஒரு வார ரோபோ பயிற்சி முடித்திருந்தார். ரோபோவின் பின்பக்கம் சுழன்று, அவரை ஓர் எஃகுக் கம்பத்தோடு அழுத்தியது. ரோபோவின் கை எல்லை மீறிப் போகாதிருக்கப் பாதுகாப்புக்காக நட்ட கம்பம் அது. அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இதை ஆராய்ந்து நாடு முழுக்க எச்சரிக்கை அனுப்பியது. ரோபோவின் முன்கையை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதன் முதுகு தெரிவதில்லை என்பதை அந்த அறிக்கையைப் படிப்பவர் உணரலாம்.

இவை பழங்கதைகள் அல்ல. 2015 ஜூனில் ஜெர்மனியின் பவுனாட்டாலில் வோக்ஸ்வாகன் ஆலையில் ரோபோவைப் பொருத்திக்கொண்டிருந்த வெளிக் கம்பெனி ஊழியர் ஒருவர் அதன் பிடியில் நசுங்கி இறந்தார். ரோபோவில் கோளாறு இல்லை, மனிதத் தவறாக இருக்கலாம் என்பதே கம்பெனி தரப்பின் முதல் பேச்சு. அதே ஆண்டு ஆகஸ்டில் ஹரியானாவின் மானேசரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. விலகிப்போன உலோகத் தகட்டைச் சரிசெய்யப் பற்றவைப்பு ரோபோவின் அருகே போன 24 வயதுத் தொழிலாளி அதன் கை குத்தி இறந்ததாகச் செய்திகள் வந்தன.

இந்தச் சாவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். இறந்தவர்களில் யாரும் ரோபோவோடு விளையாடப் போனவர்கள் அல்லர். அது செய்யாமல் விட்ட வேலையை முடிக்கப் போனவர்கள், அல்லது அதைப் பொருத்தவோ சரிபார்க்கவோ போனவர்கள். இயந்திரம் எல்லாவற்றையும் செய்யும் என்று வாங்கிய இடத்தில் மிச்சமாகும் வேலை, அதன் மிக ஆபத்தான மூலையில்தான் மிஞ்சுகிறது.

வேலி போட்டதால் நிறைய உயிர் தப்பியது. ஆனால் 2000க்குப் பிறகு ரோபோ வேலிக்கு வெளியே வரத் தொடங்கியது. மனிதனோடு ஒரே மேசையில் வேலை செய்யும் சிறு ரோபோக்களை டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபாட்ஸ் கம்பெனி 2008இல் விற்க ஆரம்பித்தது. வேலி இல்லையென்றால் ரோபோ மனிதனைத் தொடும், இடிக்கும். எவ்வளவு இடிக்கலாம்? 2016இல் வெளிவந்த ஒரு சர்வதேசத் தொழில்நுட்ப ஆவணம் மனித உடலை 29 இடங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அழுத்த வரம்பு எழுதியது. ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் நூறு பேரிடம் வலி எங்கே தொடங்குகிறது என்று அளந்து பெற்ற எண்கள் அதற்கு அடிப்படை. ஒரு தொழிலாளி வேலை நேரத்தில் இயந்திரத்திடம் எவ்வளவு வலியைத் தாங்கலாம் என்பது இன்று ஓர் அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணையைத் தொழிற்சங்கங்கள் கூர்ந்து படிக்க வேண்டும்.

தெருவுக்கு வந்த ரோபோவுக்கு அப்படி ஓர் அட்டவணைகூட இல்லை. 2004இல் அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்ப்பா, மொஹாவே பாலைவனத்தில் ஓட்டுநரில்லா வண்டிகளுக்குப் பந்தயம் வைத்தது. அதிக தூரம் போன வண்டியே 12 கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. மறு ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டான்லி’ 212 கிலோமீட்டரை ஏழு மணி நேரத்துக்குள் ஓடி முடித்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தத் தொழில்நுட்பம் ஊர்த் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்தது.

2018 மார்ச் 18 இரவு, அரிசோனா மாநிலம் டெம்பி. 49 வயதுப் பெண் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அகலமான சாலையைக் கடந்தார். சோதனை ஓட்டத்தில் இருந்த ஊபரின் தானோட்டி வால்வோ கார் அவரை மோதிக் கொன்றது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019இல் முடித்த விசாரணை இந்தத் துறையில் எல்லோரும் படிக்க வேண்டிய ஆவணம். மோதுவதற்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே காரின் உணரிகள் அவரைக் கண்டுவிட்டன. வாகனம் என்றது மென்பொருள், பிறகு வேறேதோ என்றது, பிறகு சைக்கிள் என்றது. பெயரை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதுவரை அவர் நகர்ந்த பாதையின் நினைவைத் தள்ளிவிட்டது. கடக்கும் கோடு இல்லாத இடத்தில் ஒருவர் நடந்து கடப்பார் என்பதே அதன் கணக்கில் இல்லை. ஆபத்து என்று உறுதியான பிறகும், தேவையில்லாமல் பிரேக் பிடிப்பதைத் தவிர்க்க ஒரு விநாடி சும்மா இருக்கும்படி அதற்குச் சொல்லியிருந்தார்கள். வால்வோ காரில் தொழிற்சாலையிலேயே பொருத்தியிருந்த அவசர பிரேக், ஊபரின் கணினி ஓட்டும்போது வேலை செய்யாதபடி நிறுத்தப்பட்டிருந்தது. முன்பு காரில் இருவர் இருந்தார்கள். பிறகு ஒருவராகக் குறைத்திருந்தார்கள். அந்த ஒருவர், கண்காணிப்பாளராக உட்கார்ந்திருந்த பெண், பயணத்தின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பெனி மீது குற்ற வழக்குக்கு அடிப்படை இல்லை என்று 2019 மார்ச்சில் அரசு வழக்கறிஞர் அறிவித்தார். 2020இல் கண்காணிப்பாளர் மீது அலட்சியத்தால் உயிர் பறித்த குற்றம் சாட்டப்பட்டது. 2023இல் அதைவிடக் குறைந்த ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்புப் பெற்றார். அவர் செய்தது தவறுதான். சாலையைப் பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்கியவர். ஆனால் ஒரு விநாடி தாமதத்தை எழுதியது அவர் அல்லர். பிரேக்கை அணைத்ததும் இரண்டாவது ஆளை எடுத்ததும் அவர் அல்லர். மணிக்கணக்கில் ஒன்றும் செய்யாமல், ஆனால் எந்தக் கணமும் எல்லாவற்றையும் செய்யத் தயாராக உட்கார்ந்திருப்பது மனித இயல்புக்குப் பொருந்தாத வேலை என்பது விமானத் துறைக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரியும். மேடலின் கிளேர் எலிஷ் என்ற மானுடவியலாளர், 1979ஆம் ஆண்டின் திரீ மைல் ஐலண்டு அணு உலை விபத்தையும் 2009ஆம் ஆண்டின் ஏர் பிரான்ஸ் விமான விபத்தையும் ஆராய்ந்து, மோதலின் வேகத்தைத் தான் வாங்கிக்கொண்டு பயணியைக் காக்கும் காரின் முன்பாகம்போல, தானியங்கி அமைப்புகளில் மனிதர் பழியைத் தான் வாங்கிக்கொண்டு அமைப்பைக் காக்கிறார் என்று எழுதினார். டெம்பியில் நடந்ததை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

இதே ஆண்டுகளில் உலகம் வேறொரு புதிரில் மூழ்கியிருந்தது. பிரேக் பிடிக்காத கார் கிழவரை இடிக்க வேண்டுமா, குழந்தையை இடிக்க வேண்டுமா? மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் இணையத்தில் வைத்த இந்த வகைக் கேள்விகளுக்கு ஏறத்தாழ நான்கு கோடி விடைகள் வந்தன. ஜெர்மனி அமைத்த அறநெறிக் குழு 2017இலேயே, வயதையும் பாலினத்தையும் வைத்து உயிர்களைத் தரம் பிரிக்கவே கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தப் புதிர் சுவையானது. ஆனால் டெம்பியில் கார் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. பிரேக் நிறுத்தப்பட்டிருந்தது, அவ்வளவுதான். சோனிங்கில் பெட்டிகளை எந்த வரிசையில் கோப்பது என்று ஒருவர் முடிவு செய்தது போல, இங்கும் ஓர் அலுவலகத்தில் சிலர் உட்கார்ந்து முடிவு செய்திருந்தார்கள்.

2017 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. மிக மேம்பட்ட ரோபோக்களுக்கு நாளடைவில் ‘மின்னணு நபர்’ என்ற சட்டத் தகுதி கொடுத்து, அவை செய்யும் சேதத்துக்கு அவற்றையே பொறுப்பாக்குவதை ஆராயுமாறு ஐரோப்பிய ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. 2018இல் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ரோபோ, சட்ட, அறவியல் வல்லுநர்கள் கையெழுத்திட்டு இதை எதிர்த்தார்கள். ஆணையமும் அந்த யோசனையை எடுத்துக்கொள்ளவில்லை. நல்லது. பழைய ஜூரிகள் எஞ்சின் மீது தண்டம் விதித்தபோது உடைமையாளரின் பணப்பை திறந்தது. ரோபோவைத் தனி நபராக்கினால், அதன் பெயரில் போட்டுவைத்த தொகையோடு உடைமையாளரின் பொறுப்பு முடிந்துபோகும் ஆபத்து இருந்தது.

பழியை மேலே நகர்த்தும் முயற்சி வேறு வழியில் நடக்கிறது. 2023 அக்டோபர் 2ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் மனிதர் ஓட்டிய ஒரு கார் மோதித் தூக்கியெறிந்த பெண்மீது குரூஸ் கம்பெனியின் ஆளில்லா டாக்சி ஏறியது; நின்றது; பிறகு ஓரம் கட்டுவதற்காக அவரை ஆறு மீட்டர் இழுத்துச் சென்றது. இழுத்துச் சென்ற பகுதியை அதிகாரிகளிடம் முழுமையாகச் சொல்லவில்லை என்பதுதான் கம்பெனியைக் கவிழ்த்தது. மூன்று வாரத்தில் கலிஃபோர்னியா அதன் உரிமத்தை நிறுத்திவைத்தது. பொய்யான அறிக்கை கொடுத்ததை ஒப்புக்கொண்டு 2024 நவம்பரில் கம்பெனி ஐந்து லட்சம் டாலர் அபராதம் கட்டியது. அடுத்த மாதமே ஜெனரல் மோட்டார்ஸ் அந்த டாக்சித் தொழிலைக் கைவிட்டது.

பிரிட்டனில் 2024 மே மாதம் சட்டமான தானோட்டி வாகனச் சட்டம் இந்தப் பாடங்களைப் படித்து எழுதியதாகவே தெரிகிறது. வாகனம் தானே ஓடும்போது அது ஓடும் விதத்துக்கு உள்ளே இருப்பவர் மீது வழக்குப் போட முடியாது. அனுமதி பெற்ற ஒரு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். பாதுகாப்பு பற்றிய தகவலை மறைப்பதும் திரிப்பதும் குற்றம். அதனால் உயிர் போனாலோ படுகாயம் நேர்ந்தாலோ பெருங்குற்றம். அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் திருத்திய பொருள் பொறுப்பு விதி, மென்பொருளும் ஒரு பொருளே என்கிறது. தொழில்நுட்பம் சிக்கலானது என்பதால் குறையை நிரூபிக்க முடியாமல் தவிக்கும் பாதிக்கப்பட்டவருக்குச் சாதகமாக, குறை இருந்ததாக நீதிமன்றம் ஊகிக்கலாம். கம்பெனியிடம் உள்ள ஆவணங்களைக் காட்டச் சொல்லலாம். உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 9க்குள் அதைத் தங்கள் சட்டத்தில் சேர்க்க வேண்டும்.

இந்தியாவில் தானோட்டி கார் இன்னும் தெருவுக்கு வரவில்லை; ஓட்டுநர்களின் வேலை போகும் என்பதால் அனுமதிக்க முடியாது என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017இலேயே சொல்லிவிட்டார். தொழிற்சாலை ரோபோ வேகமாக வருகிறது. சர்வதேச ரோபாட்டிக்ஸ் கூட்டமைப்பின் கணக்கில் 2023இல் மட்டும் இந்தியாவில் 8,510 புதிய ரோபோக்கள் நிறுவப்பட்டன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து வாகன ஆலைகளில் பற்றவைப்பு வரிசைகளில் நிற்பவை அத்தகையவையே. அவற்றின் அருகே ஒப்பந்தத் தொழிலாளர்களும் நிற்கிறார்கள். இயந்திரங்களுக்கு வேலி போட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொன்னது. 1923 சட்டத்தின் வழியில், இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்கு மாதச் சம்பளத்தின் பாதியை வயதுக்கேற்ற ஒரு காரணியால் பெருக்கி இழப்பீடு கணக்கிடப்பட்டது. அந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் சம்பளத்தின் உச்சவரம்பு 2020இல் 15,000 ரூபாயாக உயர்ந்தது. அவர் ஏன் உள்ளே போக வேண்டியிருந்தது, எந்த உணரியை யார் எதற்காக அணைத்தார்கள், அந்த நிமிடத்தில் ரோபோவின் கட்டுப்பாட்டுப் பதிவேடு என்ன காட்டுகிறது என்பவற்றுக்கு அந்த வாய்ப்பாட்டில் இடமில்லை. டெம்பி விசாரணையில் உண்மையை வெளிக்கொண்டு வந்தவை அத்தகைய பதிவுகள்தான். ரோபோவை வாங்கும் ஆலை அந்தப் பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும், தொழிலாளியின் குடும்பம் கேட்டால் எத்தனை நாளில் கொடுக்க வேண்டும் என்று எழுதுவதற்குப் பெரிய தத்துவம் தேவையில்லை. ஓரிரு பக்க விதிகள் போதும்.